ஊசித் துளைக்காரர்

அவருடைய செருப்பு வாரில் ஒரு துளை இருந்தது. குடையில் ஒரு துளை இருந்தது. சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஆணி வைத்துத் தட்டிய புள்ளி ஒன்று. மளிகைக்குக் கொண்டுபோகும் துணிப் பையில் ஒன்று, அதற்கு மட்டும் ஓரம் தைத்திருந்தார். எந்தப் பொருளானாலும் இடம் ஒன்றுதான். வலது கீழ் மூலை, ஓரத்திலிருந்து ஒரு நெல் நீளம் உள்ளே.

குடைக்கு ஏது மூலை என்று ஒரு நாள் கேட்டேன்.

"கைப்புடி கொக்கி நம்மள பாத்தா மாதிரி வெச்சிக்கினு விரிச்சா, வலது பக்கம் கீழ வர்ற துணி சார்" என்று விரித்தே காட்டினார். அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. துளை வழியாகச் சொட்டு சொட்டாக அவர் தோளில் இறங்கியது. அதைப் பற்றி அவருக்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சாவு வீட்டில் அவருடைய செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கூச்சல் போடவில்லை, கிடைத்த செருப்பை மாட்டிக்கொள்ளவும் இல்லை. வெறுங்காலோடு சுடுகாடு வரை ஊர்வலத்தின் பின்னால் போனார். முன்னால் நடக்கிற கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே போய் ஆளைக் கண்டுபிடித்தார். காரியம் முடிந்து அந்த மனிதர் குழாயடியில் காலலம்பச் செருப்பைக் கழற்றும்வரை பக்கத்திலேயே நின்று, எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாரே" என்றேன்.

"கேட்டா என்துன்னுவாரு. தொள இருக்குதே, நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

செத்துப்போனவர் யார் என்று கேட்டேன். அதற்குக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது அவருக்கு.

தொழிலே துளை போடுவதுதான். பட்டுச் சேலையின் கரையில் ஓடுகிற அன்னமும் யானையும் தறியில் தாமாக வருவதில்லை. எந்த இழை மேலே ஏற வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதைத் துளைகளாக அடித்த அட்டைகள், வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கும். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, மெஷினில் அந்த அட்டைகளை அடித்துக் கொடுக்கிற கடை அவருடையது. மெஷின் தன் துளைகளை அடித்து முடித்த பிறகு, அவர் சட்டைக் காலரின் உட்புறம் செருகியிருக்கும் ஊசியை எடுத்து, முதல் அட்டையில், தறியின் எந்தப் பாகமும் தொடாத மூலையில், தன் துளை ஒன்றைப் போடுவார். அதனால் சேலைக்கு நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை.

ஒரு நாள் அவர் கடையில் இரண்டு முதலாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே கரை டிசைன் இரண்டு கடைகளிலும் வந்துவிட்டது. பெரிய கடைக்காரர் தன் அட்டைக் கட்டைக் கொண்டுவந்து, இது வேறு ஊரில் அடித்தது, இந்தக் கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இவர் கட்டின் முதல் அட்டையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது நான் அட்ச்சது."

அவ்வளவுதான். பெரிய கடைக்காரர் கட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மறுநாளிலிருந்து அந்தக் கடையின் வேலை இவருக்கு வரவில்லை. ஊரிலேயே அதிக வேலை கொடுத்த கடை அது.

"வேலை போயிடுச்சே" என்றேன்.

"போச்சி சார். ஆனா அட்ட நம்மளுது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது நிம்மதி என்று அன்று நினைத்தேன். கர்வம் என்று நினைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

*

கோட்டைக்காவல் என்று ஒரு கார்டு விளையாட்டு இருந்தது. சென்னையில் ஒரு பொம்மைக் கம்பெனி போட்டது. ஸ்டேஷனரிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும். பாக்கெட்டுக்கு ஏழு கார்டு, எந்த ஏழு என்று பிரிக்கும்வரை தெரியாது. நாலுக்கு நாலு என்று எட்டுப் பேர் இரண்டு அணியாக உட்கார்ந்து, ஒருவர் கோட்டையை இன்னொருவர் உடைக்க வேண்டும். விற்ற காலத்தில் அதை யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. கம்பெனி அதை நிறுத்திய பிறகுதான் பக்தர்கள் உண்டானார்கள்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் ஒன்பது பேர். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், பல பேர் பிள்ளை பெற்றவர்கள். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிற புரொபசர்தான் தலைவர். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் குரல் பெரிதாக இருந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ரேவதி இருந்தாள். எங்களில் உண்மையாக ஆடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மூர்த்தி இருந்தான். பத்திரிகை வேலையில் இருந்த நான். மற்ற ஐந்து பேரைத் தனித்தனியாக வருணிக்க அவசியமில்லை. புரொபசர் தலையாட்டினால் ஆட்டுவார்கள்.

துளைக்காரரை அங்கே கொண்டுபோனவன் நான். என்னுடைய 'சுரங்க வழி' கார்டு சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்க் கூழாகிவிட்டது. அதே போல ஒன்று செய்து தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"எதுக்கு ஒழைக்கிற அட்டன்னு தெரியாம நான் செய்யறதில்ல சார்" என்றார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் என்று சொல்லி அழைத்துப்போனேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் பார்த்தார். அடுத்த ஞாயிறு நான் போவதற்கு முன்பே அதே நாற்காலியில் இருந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு பிளாஸ்க் நிறைய டீ வாங்கி வந்தார். பிளாஸ்க்கில் எங்கே துளை போட்டிருக்கிறார் என்று தேடினேன். மூடியில்.

ஒரு நாளும் ஆடவில்லை. ஆடச் சொன்னால், "எட்டு பேரு ஒக்காந்து ஓட்றத பாக்கறதுக்கே நல்லாக்கீது" என்பார். வீட்டில் அவரும் ஒரு தொலைக்காட்சியும்தான். வாரத்தில் ஆறு நாள் மெஷின் சத்தம், ஏழாம் நாள் இந்த ஜன்னல். வேறு போக்கிடம் இல்லாத மனிதர் என்பது யாருக்கும் தெரியும். டீ சூடாக இருந்ததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பத்து நாளில் என் கார்டைக் கொடுத்தார். அச்சு, பளபளப்பு, ஓரத்தின் தேய்மானம், எல்லாம் சரி. அசல் கார்டின் நடுவில் ஒரு கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவாது. அதையும் வைத்திருந்தார். ஒரு வாரம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலை செய்தாராம், மூலை மழுங்குவதற்கு. பழைய கார்டுகளோடு டப்பாவில் அடைத்து வைத்தாராம், வாசனைக்கு.

"யாராவது கண்டுபிடிச்சிட்டா?"

"கைல வெச்சி ஆட்றவன் எவனும் கண்டுபுடிக்க முடியாது சார்."

'கையில் வைத்து ஆடுகிறவன்' என்று வரம்பு போட்டுத்தான் சொன்னார். ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் சும்மா இல்லை என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அன்று பார்க்கவில்லை.

ஒரு மாலை அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது புரொபசர் படியேறி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. என்னைப் பார்த்ததும், "காலேஜ்ல ஒரு சர்டிபிகேட் வேலை" என்றார். நான் செய்தி விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னேன். இரண்டு பொய்களும் நாகரிகமாக ஒன்றையொன்று கடந்து போயின. அவர் போன பிறகு, எதற்கு வந்தார் என்று கேட்டேன்.

"அவரு இன்னாத்துக்கு வந்தாருன்னு உங்ககிட்ட சொன்னா, நீங்க இன்னாத்துக்கு வந்தீங்கன்னு அவர்கிட்ட சொல்லணும் சார்."



*

பிளவு ஒரு யானையால் வந்தது. 'மதில் யானை' என்பது கோட்டைக்காவலில் கிடைப்பதற்கு அரிய கார்டு. அது புரொபசரிடம் ஒன்று இருந்தது. அதை அவர் வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒரு ஞாயிறு மூர்த்தி தன் கையிலிருந்து ஒரு மதில் யானையை எடுத்து மேசைமேல் போட்டான்.

"ஏது இது?" என்றார் புரொபசர்.

"அட்ட சார். நம்ம அண்ணன் செஞ்சி குட்த்தாரு." ஜன்னல் பக்கம் கை காட்டினான். "ஒரிஜினலு எங்க கெடைக்குது? கெடைச்சாலும் ஆட்டோவத்தான் விக்கணும்."

ஜன்னலோரத்தில் இருந்தவர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூர்த்திக்குச் செய்தது திறந்த வேலை. கறுப்புத் தாள் இல்லை, பையில் போட்டுத் தேய்க்கவும் இல்லை. அவன் ரகசியம் கேட்கவில்லை, இவரும் கொடுக்கவில்லை. புரொபசர் எழுந்து நின்று பேசினார். அசல், மரபு, புனிதம் என்ற சொற்கள் வந்தன. ஒரு பொம்மைக் கம்பெனி பாக்கெட் போட்டு விற்ற தாளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு என்பதை வெளியாள் யாராவது கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார். "போலியைத் தொட்ட கையோட நான் ஆட மாட்டேன்" என்று முடித்தார்.

"நீங்க ஆடாட்டி போங்க சார், எங்களுக்கு யான ஓடும்" என்றான் மூர்த்தி.

அன்றே வாட்ஸ்ஆப் குழு இரண்டாயிற்று. ஒன்று 'கோட்டைக்காவல் காஞ்சி'. இன்னொன்று 'கோட்டைக்காவல் காஞ்சி அசல்'. அசல் அணியில் ஐந்து பேர். புரொபசர், ரேவதி, நான், இன்னும் இருவர். மூர்த்தியோடு மூன்று பேர் போனார்கள், அவர்களை நாங்கள் அட்டை அணி என்றோம். என் 'சுரங்க வழி' அவர் செய்த அட்டை. அதை வைத்துக்கொண்டு அசல் அணியில் நான் உட்கார்ந்திருந்தது எனக்கு உறுத்தவில்லை. மற்றவர்கள் அசல், நான் ஒருவன்தான் ஏமாற்றுகிறேன், அது சிறிய குற்றம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற நாலு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடியை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லை. எனவே அசல் காலை பத்து முதல் ஒன்று, அட்டை மதியம் மூன்று முதல் ஆறு. மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். ஒரே தெருவில் காய்கறி வாங்குகிற ஆட்கள். மூர்த்தியின் ஆட்டோவில் ஏறக் கூடாது என்று நின்று, ரேவதி ஒரு மழை நாளில் வேலைக்கே தாமதமாகப் போனாள்.

துளைக்காரர் இரண்டு வேளையும் வந்தார். பிளாஸ்க்கும் இரண்டு தடவை வந்தது. காலையில், "சாயங்காலம் அவனுங்க என்ன பேசினானுங்க?" என்று புரொபசர் விசாரிப்பார். "டீல சக்கர கம்மின்னாங்க சார்" என்பார். சாயங்காலம் மூர்த்தி கேட்டாலும் அதே பதிலாம்.

எட்டுப் பேர் ஆட்டத்தை ஐந்து பேரும் நாலு பேரும் ஆட முடியாது. கார்டுகளைக் குறைத்து, விதிகளை வெட்டி, அரைக்கோட்டை என்று ஒன்றை ஆடினோம். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மிச்ச நேரம் மற்ற அணியைத் திட்டுவோம். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் படியிறங்கும்போது துளைக்காரர் என்னிடம் சொன்னார்:

"பாதி எழ கட்டின தறி மாதிரி கீது சார். சத்தம் வருது, துணி வரல. எட்டு பேரு ஒரே மேசைல ஒக்காரணும். ஒரு வாட்டி பாத்துட்டா போதும்."

"நீங்க பேசிப் பாருங்களேன் ரெண்டு பேர்கிட்டயும்."

"எனக்கு பேச வராது சார்."

*

சென்னையில் கோட்டைக்காவல் ரசிகர்கள் கூடப் போவதாகச் செய்தி வந்தது. ஊருக்கு ஓர் அணி, எட்டுப் பேர். புரொபசர் ஒரு நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்பதில் மூர்த்தி போனால் எட்டு. மற்ற மூவரும் போலிகளை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். மூர்த்தியை வெறுமனே விலக்கினால் அநியாயம் என்பார்கள், அதனால் எல்லோர் முன்னிலையிலும் வெளிச்சச் சோதனை. கார்டை வெயிலில் பிடிப்பது, வெளிச்சம் ஊடுருவினால் போலி, போலி வைத்திருப்பவர் வெளியே.

நல்ல திட்டம்தான். கறுப்புத் தாள் வைத்த அட்டை அந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது புரொபசருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மூர்த்திக்கும் தான் எதற்கு அழைக்கப்படுகிறோம் என்று தெரிந்திருந்தது. ஆனாலும் வந்தான். ஒன்பது பேரும் ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரே அறையில் இருந்தோம். காலை பத்து மணி, கிழக்கு ஜன்னல், மேசைமேல் வெயில் பட்டையாக விழுந்திருந்தது.

"இத்த பாருங்க சார்" என்றான் மூர்த்தி. "வாரம் பூரா கண்டவன்கிட்டயும் சில்லறைக்கு சண்ட போட்டுக்கினு கெடக்கறேன். ஞாயித்துக்கெழம சவாரிய வுட்டுட்டு இதுக்குத்தான் வரேன். அட்ட வேணாம்னா தூக்கிப் போட்றேன். என்ன போக சொல்லாதீங்க."

"விதின்னா எல்லாருக்கும் விதி" என்றார் புரொபசர். "சோதனை பண்றது நடுநிலையான ஆளா இருக்கணும். ரெண்டு பக்கமும் வர்றவர் இவர்தான். தொழில் தெரிஞ்சவரும்கூட."

துளைக்காரர் பிளாஸ்க்கை மூடினார். "நான் வேணாம் சார்."

"நீங்கதான் சரி."

"எல்லாருதும் பாக்கறதுன்னா பாக்கறேன். ஒர்த்தருத மட்டும்னா வேற ஆள பாருங்க."

"எல்லாருதும்தான். மூர்த்தில ஆரம்பிங்க."

"சோதனைய கூப்ட்டது நீங்க சார். உங்குதுல ஆரம்பிக்கலாம்."

புரொபசர் சிரித்துக்கொண்டே வெல்வெட் துணியைப் பிரித்து மதில் யானையைக் கொடுத்தார். துளைக்காரர் அதைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவில்லை. வெயிலில் நீட்டி, அதன் நிழல் மேசைமேல் விழும்படி பிடித்தார். நல்ல கெட்டியான கறுப்பு நிழல். அதன் ஒரு மூலையில், கடுகை விடச் சிறியதாக, ஒரு வெளிச்சப் புள்ளி.

புரொபசர் குனிந்து பார்த்தார்.

"பூச்சி அரிச்சிருக்கும்" என்றார்.

"இருக்கும் சார்."

அடுத்த கார்டை எடுத்தார். புள்ளி இல்லை. அதற்கடுத்தது. அதே மூலையில் புள்ளி. புரொபசரின் கட்டில் பாதிக்கு மேல் புள்ளி இருந்தது. ரேவதியிடம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை, பிறகு கொடுத்தாள். ஒன்றில் புள்ளி, இன்னொன்றில் புள்ளி. என் 'சுரங்க வழி'யின் நிழல் மேசைமேல் விழுந்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் பார்க்க ஒன்றும் புதிதாக இல்லை.

மூர்த்திதான் முதலில் சிரித்தான்.

"இன்னா பூச்சிப்பா இது! ஸ்கேலு வெச்சி அளவெடுத்து அரிக்குது!"

மற்றவர் யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரே சமயத்தில் அடுத்தவர் கட்டுக்குப் போய்த் திரும்பின. மூர்த்தியின் அட்டைகளையும் அவர் தூக்கிப் பிடித்தார். அவற்றில் வெளிச்சம் முழுதாக ஊடுருவியது, மூலையில் புள்ளி இருந்தது. கடைசிக் கட்டையும் பார்த்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

"எது எது அசல்னு தனியா எடுத்து எண்ணட்டுமா சார்?"

"வேணாம்" என்றார் புரொபசர். அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேரமாவுது. மேசைய இழுங்க" என்றார்.

இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். நான் ஒன்பதாவது ஆள், புள்ளிக் கணக்கு எழுதினேன். நன்றாக ஆடினார்கள் என்று சொல்ல முடியாது, முக்கால்வாசிப் பேருக்குப் பாதி விதி மறந்திருந்தது. ரேவதி மட்டும் மூன்று கோட்டைகளை உடைத்தாள். துளைக்காரர் ஜன்னலோரத்தில் இருந்தார். ஆட்டத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் போன வழியைப் பார்த்தால், நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. அன்றிரவே 'அசல்' குழு கலைக்கப்பட்டது, சென்னைப் பேச்சும் அதோடு நின்றது. அதற்குப் பிறகு அசல் என்ற சொல்லை அந்த மாடியில் யாரும் உச்சரித்துக் கேட்டதில்லை.

*

ஒற்றுமை வந்த பிறகு அதற்குச் செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் கிடைத்தது.

அன்று துளைக்காரர் வரவில்லை, கருட சேவைக் கூட்டத்தில் தெரு அடைத்திருந்தது. பேச வசதியாக இருந்தது.

"நம்பித்தானே குடுத்தோம்? யாருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டு ஓட்டை போட்டு வெச்சிருக்கான்" என்றார் புரொபசர். 'அவர்' எப்போது 'அவன்' ஆனார் என்று நான் கவனிக்கவில்லை.

"எத்தனை நாளா நம்மள பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாரு" என்றாள் ரேவதி. "டீ வேற."

அவர் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, சோதனையை அவர் கேட்கவும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் ஒருவர் பெயரையும் வாயால் சொல்லவில்லை என்பதும் உண்மை. நான் சொன்னது வேறு. "எழுத்துல இருந்தா நல்லது" என்றேன்.

எழுதினேன். ஐந்து வரி. சங்கத்தின் நன்மையையும் உறுப்பினர்களிடையே நிலவும் நல்லிணக்கத்தையும் கருத்தில் கொண்டு, உறுப்பினரல்லாதவர் இனி கூட்டங்களில் அமர்வதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது. ஒருவரும் ஒரு சொல்லை மாற்றவில்லை. எங்கள் சங்கத்தில் விவாதமில்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அது. மூர்த்தியிடம் தாள் வந்தபோது பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்... எல்லாரும் சொல்றாங்கோ" என்று போட்டான். ஒன்பது கையெழுத்து.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு, உட்காரச் சொல்லி, இரண்டு தடவை படித்தார். கையெழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார்.

"மூர்த்தியும் போட்டுக்கிறான்" என்றார்.

நான் இரண்டாவது பிரதியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஒம்போது பேரும் ஒரே தாள்ல. நல்லா எழுதிக்கிறீங்க சார்."

ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். உள்ளே எடுத்துப்போய் ரப்பர் ஸ்டாம்பும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அவசர வேலை இருப்பதாகச் சொன்னேன். அவர் கடைக்கு நான் கடைசியாகப் போனது அன்றுதான். பிறகு அவர் கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் தெரு என்று விசாரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு, கொடுத்தாயிற்றா என்று புரொபசர் கேட்டார். பையிலிருந்து தாளை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன். மேசைமேல் வெயில் இருந்தது. தாளின் மங்கலான நிழல் விழுந்தது. ஒன்பது கையெழுத்துக்கும் கீழே, மூலையிலிருந்து ஒரு நெல் நீளம் உள்ளே, ஒரு வெளிச்சப் புள்ளி.

மூர்த்தி பார்த்தான். ரேவதி பார்த்தாள். புரொபசர் அதன்மேல் கையை வைத்தார், புள்ளி அவர் புறங்கையில் ஏறி உட்கார்ந்தது.

"ஃபைல்ல வைங்க" என்றார்.

வைத்தேன். எட்டுப் பேர் உட்கார்ந்து கார்டுகளைக் கலைத்தார்கள். பதினோரு மணிக்கு, டீ வாங்கி வர யார் போவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.